90 மணி நேரத்தில் 1,200 கிலோமீட்டர்: முதலில் நிற்பதைக் குறையுங்கள்

கேள்வி: நான் 41 வயதுப் பெண். திருச்சியில் ஒரு வங்கியில் பணிபுரிகிறேன். அலுமினியச் சட்டம் கொண்ட ரோடு பைக் வைத்திருக்கிறேன். டயர் 25 மி.மீ. கடந்த டிசம்பரில் என் முதல் 200 கி.மீ. பிரெவேயை (நேர வரம்புக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் ஓட்டம்) 12 மணி 50 நிமிடத்தில் முடித்தேன். அதில் சைக்கிள் ஓடிய நேரம் 9 மணி 10 நிமிடம் என்று மீட்டர் காட்டுகிறது. 2027 ஆகஸ்டில் பிரான்சில் நடக்கும் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் சைக்கிள் பயணம் போக வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். பயிற்சியாளர், “வேகம் போதாது, முதலில் அதைக் கூட்டுங்கள்” என்கிறார். நண்பர்கள் கார்பன் சைக்கிள் வாங்கச் சொல்கிறார்கள். 200 கி.மீ. ஓட்டியதற்கே சுண்டுவிரலும் மோதிரவிரலும் இரண்டு நாள் மரத்துக் கிடந்தன. உட்காரும் இடத்தில் புண். நான் முட்டைகூடச் சாப்பிடாத சைவம். வீட்டில், “இந்த வயதில் இது எதற்கு?” என்கிறார்கள். என்னால் முடியுமா?

பதில்:

முடியும் என்றுதான் நினைக்கிறேன். சைக்கிள் ஓட்டிகளின் வலிகளைப் பார்க்கும் இயன்முறை மருத்துவர் என்ற முறையிலும், நீண்ட தூரம் ஓட்டுபவர் என்ற முறையிலும் இதைச் சொல்கிறேன். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் உதவிய வரி அந்த 9 மணி 10 நிமிடம்தான். 200 கிலோமீட்டரை அந்த நேரத்தால் வகுத்தால் மணிக்கு ஏறத்தாழ 22 கி.மீ. வருகிறது. இந்த வேகத்துக்கு ஒரு குறையும் இல்லை. மிச்சமுள்ள 3 மணி 40 நிமிடம் நீங்கள் சாலையோரம் நின்றிருக்கிறீர்கள். பயிற்சியாளர் பார்க்கத் தவறியது அதைத்தான்.

பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். தூரம் ஏறத்தாழ 1,200 கி.மீ.; பெரும்பாலோர் தேர்ந்தெடுக்கும் உச்ச நேரம் 90 மணி. ஏற்ற இறக்கத்தால் உங்கள் ஓட்ட வேகம் மணிக்கு 20 கி.மீ. ஆகக் குறைந்தாலும், சைக்கிள் மீது இருக்க வேண்டியது 60 மணி நேரம்தான். மீதி 30 மணி நேரம் உண்ண, உறங்க, பழுது பார்க்க உங்களுக்கு உண்டு. அட்டையில் முத்திரை வாங்க வேண்டிய கன்ட்ரோல்கள் போக வர ஏறக்குறைய 15. ஒவ்வொன்றிலும் ஒரு மணி நேரம் போனால் 15 மணி நேரம் கரைந்துவிடும். அரை மணியில் கிளம்பினால் ஏழரை மணி நேரம் கையில் மிஞ்சும். அது இரண்டு இரவுகளின் தூக்கம். வேகத்தை மணிக்கு 2 கி.மீ. கூட்டுவதற்கு மாதக்கணக்கில் வியர்வை சிந்த வேண்டும்; அதில் கிடைக்கும் லாபம் ஐந்தரை மணி நேரம். நிற்கும் நேரத்தைக் குறைக்க அடுத்த ஞாயிற்றுக்கிழமையே பழகத் தொடங்கலாம்.

எனவே அடுத்த பிரெவேயில் உங்களுக்கு நான் வைக்கும் ஒரே இலக்கு: 200 கி.மீ.க்கு மொத்த நிறுத்தம் ஒன்றரை மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும். வேகத்தை மறந்துவிடுங்கள். கன்ட்ரோலுக்கு 5 கி.மீ. முன்பே, அங்கே என்னென்ன செய்யப்போகிறோம் என்று மனதுக்குள் வரிசைப்படுத்திக்கொள்ளுங்கள். முத்திரை, தண்ணீர், கழிப்பறை, சாப்பாடு. பிறகு கிளம்ப வேண்டியதுதான். கைபேசியை வெளியே எடுக்காதீர்கள். குழுவாக வந்தவர்கள் இரண்டாவது டீ சொல்லும்போது நீங்கள் புறப்பட்டுவிடுங்கள். அரை மணியில் அவர்களே உங்களைப் பிடித்துவிடுவார்கள். வீட்டுக்கு வந்ததும் எங்கே எத்தனை நிமிடம் நின்றோம், எதற்காக நின்றோம் என்று எழுதி வையுங்கள். முதல் முறை எழுதும்போது பலருக்கும் அதிர்ச்சியாக இருக்கும்.

இந்தப் பயணத்தின் இயல்பைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1891-இல் இது பந்தயமாகத் தொடங்கியது. அந்த முதல் பந்தயத்தை வென்ற ஷார்ல் தெரோன் ஏறத்தாழ மூன்று நாள் தூங்காமல் ஓட்டினார். 1931 முதல் எங்களைப் போன்ற சாதாரண ஓட்டிகளுக்கும் வழி திறந்தது. அதை நடத்துவது ஆடாக்ஸ் கிளப் பாரிசியன். நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை, 2023-இல் நடந்ததுபோல 6,000-க்கும் மேற்பட்டவர்கள் புறப்படுகிறார்கள். வெற்றி தோல்வி கிடையாது, நேரத்துக்குள் முடித்தவர் எல்லோரும் ஒன்றுதான். 2019, 2023 இரண்டு முறையும் பாரிஸுக்குத் தென்மேற்கே உள்ள ராம்பூயே நகரத்திலிருந்து கிளம்பி, பிரான்சின் பிரிட்டனிப் பகுதியின் மேற்குக் கோடியில் இருக்கும் பிரெஸ்ட் துறைமுகம் வரை போய்த் திரும்பினார்கள். நம் மனதில் பிரான்ஸ் என்றால் ஆல்ப்ஸ் மலை. இந்த வழியில் அப்படி ஒரு மலையும் இல்லை. உச்சப் பகுதியான ரோக் ட்ரெவெசெல்கூட 400 மீட்டரை எட்டாது. ஆனால் சமதளமும் இல்லை. ஒரு கிலோமீட்டர் ஏறி, ஒரு கிலோமீட்டர் இறங்கி, உடனே மறுபடி ஏறுவது நாள் முழுக்கத் தொடரும். முடித்துப் பார்த்தால் மொத்த ஏற்றம் 10,000 மீட்டரைத் தாண்டியிருக்கும்.

நம் ஊர்க்காரர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் நான்குவழிச் சாலைகளிலும் எத்தனை பிரெவே ஓட்டினாலும் கால்கள் ஒரே சீரான சுழற்சிக்குத்தான் பழகும். நீங்கள் திருச்சியில் இருப்பது நல்லது. துறையூர் வழியாகப் பச்சைமலை பக்கத்தில் இருக்கிறது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகள் ஒரு நாள் பயணத்தில் எட்டும். ஆனால் நீண்ட ஏற்றத்தைவிட அலை அலையான சாலைதான் உங்களுக்கு அதிகம் தேவை. ஓசூர், தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கம் அப்படிப்பட்ட நிலம். மாதம் ஒரு முறை அங்கே போய் இரண்டு நாள் தொடர்ந்து ஓட்டுங்கள், சனிக்கிழமை 150, ஞாயிற்றுக்கிழமை 100 கி.மீ. என்று. அது யானை நடமாடும் பகுதி, பகல் வெளிச்சத்திலேயே முடித்துவிடுங்கள். ஏற்றத்தில் கியரைக் குறைத்து, நிமிடத்துக்கு 75, 80 சுற்றாவது பெடல் சுழல வேண்டும். கனமான கியரை அழுத்தி மிதிப்பவர்களின் முழங்கால்தான் 700 கிலோமீட்டருக்கு மேல் கைவிடும்.

இனி உங்கள் விரல்கள். உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்படுத்தியது இது ஒன்றுதான். சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்தால், உள்ளங்கையின் அடிப்பகுதியில் சுண்டுவிரல் பக்கமாக ஓடும் அல்நார் நரம்பு நசுங்குகிறது என்று பொருள். 200 கி.மீ.க்கு இரண்டு நாள் மரத்திருந்தால், 1,200 கி.மீ. முடிந்த பிறகு சட்டைப் பொத்தான் போட மாதக்கணக்கில் சிரமப்படலாம். அப்படிச் சிரமப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். தடித்த கையுறை வாங்கினால் சரியாகிவிடும் என்று கடைக்காரர்கள் சொல்வார்கள், அது பாதித் தீர்வுகூட இல்லை. உடல் எடை கைகளில் ஏன் விழுகிறது என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் சீட்டின் மூக்கு கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும்; உடல் முன்னால் வழுக்க, கைகள் அதைத் தாங்கிக்கொண்டே இருக்கும். சீட்டைச் சமமாக்குங்கள். ஹேண்டில்பாரை ஓரிரு சென்டிமீட்டர் உயர்த்தி, கொஞ்சம் அருகே கொண்டுவாருங்கள். 25 மி.மீ. டயரைக் கழற்றிவிட்டு, சட்டம் இடம் கொடுத்தால் 32, இல்லையென்றால் 28 மி.மீ. டயர் போட்டுக் காற்றைக் குறைத்து வையுங்கள். சாலையின் அதிர்வு கைக்கு வருவதை இதைப் போலத் தடுப்பது வேறொன்றும் இல்லை. முழங்கையை விறைப்பாக நீட்டாமல், பத்து நிமிடத்துக்கு ஒரு முறை பிடியின் இடத்தை மாற்றுங்கள்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டுக்கும் நடுவே ஒரு காகிதத்தைப் பிடித்துக்கொண்டு, இன்னொருவரை அதை இழுக்கச் சொல்லுங்கள். கட்டைவிரலின் நுனி மூட்டை மடக்கினால்தான் பிடிக்க முடிகிறது என்றால் தசையின் பலம் குறைந்திருக்கிறது. அப்போது நீண்ட ஓட்டங்களை நிறுத்திவிட்டு நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். வெறும் மரப்பு என்றால் சைக்கிளைச் சரிசெய்து, 100 கி.மீ. ஓட்டி மறுபடி பாருங்கள். விரல்கள் தெளியாமல் 300 கி.மீ. பிரெவேக்குப் பெயர் கொடுக்காதீர்கள்.

கழுத்தும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. குனிந்த உடலோடு தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே இருப்பதால், மிக நீண்ட ஓட்டங்களில் பின்கழுத்துத் தசை ஒரு கட்டத்தில் வேலை செய்வதையே நிறுத்திவிடும். தாடை நெஞ்சில் விழும். அமெரிக்காவைக் குறுக்கே கடக்கும் போட்டியில் 1983-இல் மைக்கேல் ஷெர்மருக்கு இது நேர்ந்ததால் அவர் பெயரிலேயே அழைக்கிறார்கள். குப்புறப் படுத்து, நெற்றியைத் தரையிலிருந்து சற்றே உயர்த்தி, தாடையை உள்ளிழுத்தபடி 10 நொடி நிறுத்துங்கள். பத்து முறை, வாரத்தில் நான்கு நாள். ஹேண்டில்பாரை உயர்த்தச் சொன்னதும் இதற்காகவே.

புண் பற்றி எழுதக் கூச்சப்பட்டிருக்கிறீர்கள், தேவையில்லை. பெண்கள் பலர் இதைச் சொல்லாமலே சைக்கிளை விட்டுவிடுகிறார்கள். மெத்தென்ற ஜெல் சீட் தீர்வல்ல. அதில் இடுப்பெலும்பு புதைந்து, மென்மையான பகுதியின் மீதே அழுத்தம் விழும். உங்கள் உட்காரும் எலும்புகளின் அகலத்துக்குப் பொருந்தி, நடுவில் பள்ளமோ திறப்போ உள்ள சீட் வேண்டும். இரண்டு மூன்று சீட்டுகளை இரவல் வாங்கி ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். பேட் வைத்த ஷார்ட்ஸுக்குள் உள்ளாடை அணியக் கூடாது. கிளம்பும் முன் தோலில் பாதுகாப்பு க்ரீம். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை பெடலில் எழுந்து நிற்பது. ஓட்டம் முடிந்ததும் ஷார்ட்ஸை உடனே கழற்றிக் கழுவுவது. 600 கி.மீ.யிலிருந்து மாற்று ஷார்ட்ஸ் ஒன்று பையில் இருக்கட்டும்.

அதோடு ஒரு இரத்தப் பரிசோதனை. ஹீமோகுளோபினும், உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பாருங்கள். பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே இருந்தால் இரத்தசோகை. சைவ உணவும் மாதவிடாயும் சேரும்போது இரும்புச் சேமிப்பு குறைவது மிகச் சாதாரணம். அதைக் கவனிக்காமல், “பயிற்சி போதவில்லை” என்று மேலும் மேலும் ஓட்டித் தளர்ந்துபோனவர்கள் என்னிடம் வருவதுண்டு.

சாப்பாட்டில் இரண்டு வேலை இருக்கிறது. முதலாவது, மணிக்கு 50, 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும், பசி தெரிவதற்கு முன்பே. ஒரு பெரிய வாழைப்பழத்தில் ஏறக்குறைய 25, 30 கிராம் வரும். கடலைமிட்டாய், பேரீச்சை, ஜாம் தடவிய ரொட்டி எல்லாம் சட்டையின் பின்பையில் அடங்கும். ஓட்டிக்கொண்டே சாப்பிடப் பழகுங்கள், நிற்கும் நேரம் தானாகக் குறையும். இரண்டாவது, வயிற்றைப் பிரான்சுக்குப் பழக்குவது. கன்ட்ரோல்களில் பாஸ்தா, சோறு, உருளைக்கிழங்கு மசியல், சூப், ரொட்டி கிடைக்கும். சைவம் என்று கேட்டால் ஆம்லெட்டை நீட்டுவார்கள். தயிர்சாதமும் இட்லியும் இல்லாமல் மூன்று நாள் பாலாடைக்கட்டி, ரொட்டி, கிழங்கில் ஓடுமா என்பதை 400, 600 கி.மீ. பிரெவேக்களிலேயே சோதித்துவிடுங்கள். அங்கே கன்ட்ரோல் உணவகத்தில் வரிசை நீளமாக இருந்தால் நிற்காதீர்கள். வழியில் ஊருக்கு ஊர் ரொட்டிக்கடை உண்டு. இரவு இரண்டு மணிக்கும் வீட்டு வாசலில் மேசை போட்டுக் காப்பியும் தண்ணீரும் பிஸ்கட்டும் தரும் கிராமத்து மக்கள் உண்டு. பலர் காசு வாங்க மாட்டார்கள், ஊருக்குத் திரும்பி ஒரு அஞ்சலட்டை அனுப்பினால் போதும் என்பார்கள். வில்லேன்-லா-ஜுயெல் என்ற சிற்றூரில் பள்ளிப் பிள்ளைகள் உங்கள் சாப்பாட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். இவர்களுக்காக மட்டும் ஐந்து நிமிடம் கூடுதலாக நில்லுங்கள் என்று நானே சொல்வேன்.

தண்ணீரை மட்டும் அளவில்லாமல் குடிக்காதீர்கள். உப்பில்லாத வெறும் தண்ணீர் இரத்தத்தில் சோடியத்தைக் குறைத்துவிடும். நம் வெயிலில் இரண்டு பாட்டிலில் ஒன்றிலாவது ஓ.ஆர்.எஸ். இருக்கட்டும். வலி மாத்திரை விஷயத்தில் கண்டிப்பாக இருக்கிறேன். டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் போன்றவற்றை நீர் வற்றிய உடலோடு விழுங்கினால் சிறுநீரகம் பாதிக்கப்படலாம். நண்பர் நீட்டினாலும் வாங்காதீர்கள்.

தூக்கமும் குளிரும்தான் நம்மவர்களை அதிகம் வீழ்த்துகின்றன. 90 மணி நேரக் குழுக்கள் ஞாயிறு மாலையில் கிளம்புகின்றன. அங்கே மாலை 7 மணி என்றால் திருச்சியில் இரவு பத்தரை. அதாவது உங்கள் உடல் படுக்கப் போகும் நேரத்தில் நீங்கள் தொடங்குகிறீர்கள். முதல் இரவு தூக்கமே கிடையாது. ஆகவே ஐந்து, ஆறு நாள் முன்பே போய்ச் சேருங்கள். புறப்படும் நாள் மதியம் இருட்டறையில் இரண்டு மணி நேரமாவது படுங்கள். இரண்டாம் இரவில் பெரும் கூட்டம் 440 கி.மீ. அளவில் உள்ள லூடேயாக்கில் கட்டிலுக்கு முண்டியடிக்கும். முடிந்தால் அதற்கு முந்தைய கன்ட்ரோலிலோ அடுத்ததிலோ படுத்துக்கொள்ளுங்கள். மூன்று மணி நேரத் தூக்கம் என்பது கட்டிலில் மூன்று மணி நேரம். கட்டிலைத் தேடியது அந்தக் கணக்கில் சேராது. பின்னிரவு இரண்டிலிருந்து ஐந்துக்குள் கண் செருகி, சைக்கிள் வெள்ளைக் கோட்டைத் தாண்டினால் அந்த நொடியே நிறுத்தி, சாலையை விட்டு விலகி, இருபது நிமிடம் அலாரம் வைத்துப் படுங்கள். அடுத்த ஊர் வரை தாக்குப்பிடிக்கலாம் என்று ஒருபோதும் நினைக்காதீர்கள். இந்த விதியை நம் நெடுஞ்சாலைகளில் இன்னும் கடுமையாகக் கடைப்பிடிக்க வேண்டும். பின்விளக்கு இல்லாத லாரியும் எதிர்த்திசையில் வரும் பைக்கும் இருக்கும் இடத்தில் அரைத்தூக்கத்தில் ஓட்ட உங்களுக்கு உரிமையில்லை. இரவில் துணையோடு ஓட்டுங்கள். பிரதிபலிக்கும் மேலங்கி கட்டாயம். முன்விளக்கு இரண்டு இருக்கட்டும்.

ஆகஸ்ட் பிரான்சில் கோடைதான். ஆனாலும் பிரிட்டனியில் இரவு வெப்பநிலை 10 டிகிரிக்குக் கீழே இறங்குவதுண்டு. 2007-இல் மழையும் சேர்ந்துகொள்ள, புறப்பட்டவர்களில் பத்தில் மூன்று பேர் அளவுக்கு முடிக்க முடியாமல் போனது. சோர்ந்த உடலால் போதிய சூட்டை உண்டாக்க முடியாது. நனைந்தபடி இறக்கத்தில் நடுங்குவது எப்படியிருக்கும் என்பதை நீங்கள் முதன்முதலாக அங்கே தெரிந்துகொள்ளக் கூடாது. டிசம்பரில் ஊட்டியிலோ கொடைக்கானலிலோ ஒரு வாரம் தங்கி, விடிந்ததும் ஊரை ஒட்டிய சாலைகளில் ஓட்டுங்கள். எந்த உடுப்பு எவ்வளவு குளிருக்குத் தாங்கும், நனைந்த கையுறையோடு பிரேக் பிடிக்க முடிகிறதா என்று தெரிந்துவிடும். காட்டுமாடு நடமாடும் பாதைகளில் இருட்டில் போக வேண்டாம்.

தகுதிக்கு, நிகழ்வு நடக்கும் பருவத்தில் 200, 300, 400, 600 கி.மீ. பிரெவேக்களை முடித்திருக்க வேண்டும். கால வரம்பு முறையே 13½, 20, 27, 40 மணி. கடந்த முறைகளில், முந்தைய ஆண்டில் மிக நீளமான பிரெவே ஓட்டியவர்களுக்கே முன்பதிவில் முதலிடம் கிடைத்தது. எனவே 2026-இல் 600 கி.மீ. ஒன்றை முடித்துவிடுவது உங்களுக்கு இரட்டை லாபம்: இடம் கிடைக்கும் வாய்ப்பும் கூடும், ஒரு முழு இரவை ஓட்டிக் கடந்த அனுபவமும் வரும். ஒவ்வொன்றுக்கும் இடையே மூன்று, நான்கு வாரம் விடுங்கள். வார நாட்களில் இரண்டு முறை ஒன்றரை மணி நேரம் போதும். பயிற்சியாளர் விரும்பும் வேகப் பயிற்சிக்கு அதில் ஒன்றைக் கொடுங்கள். அவரும் முழுக்கத் தவறில்லை.

கார்பன் சைக்கிள் வேண்டாம். உங்கள் அலுமினிய சைக்கிளுக்கு நல்ல டயர், ஏற்றத்துக்கு ஏற்ற சிறிய கியர், பொருந்தும் சீட், தேர்ந்தவர் ஒருவரின் அளவு சரிபார்ப்பு ஆகியவை போதும். அந்தப் பணம் விமான டிக்கெட்டுக்கும் விசாவுக்கும் கூடுதல் நாட்களின் அறை வாடகைக்கும் தேவைப்படும்.

வீட்டில் உள்ளவர்களிடம் இதைச் சொல்லுங்கள்: அங்கே ஓட்டுபவர்களில் பெரும்பாலோர் 40, 50 வயதைக் கடந்தவர்கள். 41 வயதில் நீங்கள் இளையவர்கள் பக்கம்தான். பெண்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை; அந்த எண்ணிக்கை உயர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். ஆனால் அவர்கள் கேட்பது வயதைப் பற்றி மட்டும் இல்லாமல், இரவுச் சாலையைப் பற்றிய பயமாகவும் இருக்கலாம். அந்தப் பயம் நியாயமானது. 300 கி.மீ. பிரெவேயின் கடைசிக் கன்ட்ரோலுக்கு ஒருவரை வரச் சொல்லுங்கள். உங்களோடு யார் ஓட்டுகிறார்கள், விளக்கு எவ்வளவு தூரத்திலிருந்து தெரிகிறது, தூக்கம் வந்தால் என்ன செய்வீர்கள் என்பதை அவர்களே பார்க்கட்டும்.

சைக்கிளைச் சரிசெய்து 100 கி.மீ. ஓட்டியதும் விரல்கள் எப்படி இருக்கின்றன என்று எழுதுங்கள். 400 கி.மீ. முடிந்ததும் நிறுத்தக் குறிப்பை அனுப்புங்கள். அதைப் பார்த்துத்தான் உங்களுக்கு எந்த இரவில் எங்கே எவ்வளவு நேரம் தூக்கம் என்று நான் எழுதித் தர முடியும்.